நாற்பத்தொரு பேர் வீடு மாறிய ஊர்

எங்கள் ஆய்வு நிலையத்தின் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க நான்கு மாதம் ஆனதாம். நான் சேருவதற்கு முன் நடந்தது. எல்லா நிறத்தையும் ஏதாவது ஒரு கட்சி எடுத்துக்கொண்டுவிட்டதால் மிச்சமிருந்த சாம்பலை அடித்தார்கள். மறுவருடமே சாம்பல் கொடியோடு ஒரு புதுக் கட்சி முளைத்தது. அது தேர்தலில் தோற்றுக் கலையும்வரை எங்கள் இயக்குநர் சுவர் முழுக்கக் காலண்டர் மாட்டி மறைத்து வைத்திருந்தார்.

அந்த இயக்குநரை நாங்கள் நடுவர் என்போம். எதிரில் மேடம் என்போம். காலையில் இரண்டு செய்தித்தாள் வாங்குவார். இது பதினைந்து நிமிடம், அது பதினைந்து நிமிடம். ஒன்று கொஞ்சம் சுவாரசியமாக இருந்து இரண்டு நிமிடம் கூடிவிட்டால், அடுத்ததையும் தண்டனைபோல அதே அளவு கூட்டிப் படிப்பார். சுகாதாரத் துறை எதையாவது திறக்கவோ மூடவோ நினைத்தால் முதலில் எங்களைக் கேட்கும். நாங்கள் எண்ணிப் பார்த்துச் சொல்வோம். மூடு என்றும் சொல்ல மாட்டோம், மூடாதே என்றும் சொல்ல மாட்டோம். மூடினால் இத்தனை, மூடாவிட்டால் இத்தனை. சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

இந்த முறை கேள்வி டயாலிசிஸ் பற்றியது. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ஓர் இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தரும். அந்த இயந்திரங்கள் சிறிய ஊர்களில் ஐந்தும் ஆறுமாகச் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஒரே மாடியில் வைத்தால் நல்லதா, கெட்டதா? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஊரின் பிரிவைச் சோதனைக்காக மூடியிருந்தார்கள். அங்கே சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த நூற்றுப் பதினெட்டுப் பேரையும் பெரிய மருத்துவமனைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஒரு வருடத்தில் என்ன ஆனார்கள் என்று பதிவேட்டைப் படித்து, ஆளுக்கு ஓர் எண் போடுவது என் வேலை.

எந்த விளைவுக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் தயாரிக்க மூன்று கூட்டம் நடந்தது. மூட வேண்டும் என்கிற தரப்பிலிருந்து ஒருவர், கூடாது என்கிற தரப்பிலிருந்து ஒருவர், நடுவில் நடுவர். நல்ல விளைவுகள் நான்கு, கெட்ட விளைவுகள் நான்கு என்று பட்டியல் தராசுபோல நின்றது. ஒன்பதாவதாக ஒரு வரி மட்டும் எங்கேயும் உட்கார மறுத்தது: 'வருவதை நிறுத்திவிட்டார், காரணம் தெரியாது.'

"இதைப் படிக்கிறவன் ஆள் செத்துட்டான்னுதானே நினைப்பான்? இது எங்களுக்கு எதிரா இருக்கு" என்றார் மூடச் சொன்னவர்.

"ஏன், வேற கிட்னி வெச்சுக்கிட்டு ஜம்முன்னு வீட்டுல இருக்கான்னு நினைப்பான். இது எங்களுக்கு எதிரா இருக்கு" என்றார் இரண்டாமவர்.

மாலை ஆறு நாற்பது. எனக்கு ஆறு ஐம்பத்தைந்துக்கு ரயில். "ஏழாவதோட சேர்த்துடலாமே மேடம். வரலைன்னா வேற எங்கயோ போயிருக்காங்கன்னுதானே?" என்றேன். ஏழாவது, 'வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார்'. நான்கு நல்லதில் ஒன்று.

இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் தலையாட்டியதை நான் பார்த்தது அன்றுதான். நடுவர் என்னைப் பார்த்து வாயின் இரு ஓரமும் சம அளவு உயரும்படிச் சிரித்தார். எங்கள் புள்ளியியல்காரருக்கு மட்டும் ஏதோ சந்தேகம் வந்தது. ஆனால் அவருக்குத் தம் டீயில் சர்க்கரை போட்டிருக்கிறார்களா என்பதிலும் சந்தேகம் வரும். அவர் பெயரே சந்தேகம் சார்தான். அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் ரயிலைப் பிடித்துவிட்டேன்.

நூற்றுப் பதினெட்டில் நாற்பத்தொரு பேருக்கு நான் ஏழு போட்டேன். ஓர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள் ஒரே வருடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வீடு மாறினார்கள் என்பது எங்களில் யாருக்கும் வினோதமாகப் படவில்லை. அட்டவணை அழகாக இருந்தது. மூடுவதற்கு முந்தைய வருடம் இறந்தவர்கள் பதினைந்து. மூடிய பின் ஒன்பது. அறிக்கை வியாழக்கிழமை துறையின் கமிட்டிக்குப் போக வேண்டும்.

அதற்கு முந்தைய ஞாயிறு நான் அக்கா வீட்டில் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். அக்கா வீடு என்பதே என் வீடுதான். மாடியறை எனக்கு. கீழே அக்காவும் மாமாவும். அக்காவின் கணவரான மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஒரு கார், இரண்டு போர்டு. பத்தொன்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததில், நாற்காலியில் இருந்தாலும் யாராவது வேகமாகப் பேசினால் அவர் வலது கால் தரையை அழுத்தும். சென்ற வருடம் சிறுநீரகம் நின்றுபோனது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் டயாலிசிஸ் பிரிவு. திங்கள், புதன், வெள்ளி அங்கே. மற்ற நாட்களில் வகுப்பு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. பாட்டிலில் அக்கா பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"டேய், எங்க யூனிட்டும் மூடப்போற லிஸ்ட்ல இருக்காம். நர்ஸம்மா சொன்னாங்க. உங்க ரிப்போர்ட் வந்ததும் முடிவாம்" என்றாள் அக்கா.

"முடிவு கமிட்டி எடுக்கும்க்கா. நாங்க தகவல் மட்டும்தான்."

"அந்தத் தகவல் என்ன சொல்லுது?"

"வெளிய சொல்லக் கூடாது."

"நான் வெளியவா நிக்கிறேன்? உன் தட்டுல போட்டுட்டு நிக்கிறேன். சொல்லு."

சொன்னேன். பெரிய இடம், பெரிய டாக்டர்கள், சாவு குறைகிறது. பதினைந்து ஒன்பதாகிறது. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எவ்வளவு தூரம் மச்சான்?" என்றார் மாமா.

"பஸ்ல ரெண்டரை மணி நேரம் மாமா."

"போக ரெண்டரை, வர ரெண்டரை, அங்க நாலு. மெஷின்ல இருந்து எந்திரிச்சா பாத்ரூம் போறதே எனக்கு வெளியூர்ப் பயணம் மாதிரி இருக்கு. அதுல பஸ் வேறயா?" அவர் வாயில் ஒரு ஐஸ் துண்டைப் போட்டு ஒதுக்கிக்கொண்டார். "நான் போகமாட்டேன்."

"போகலைன்னா எப்படி மாமா?"

"போகலைன்னா போகலை. நின்னுக்குவேன்."

இன்னொரு கரண்டி வேண்டாம் என்று கையால் தட்டை மறைப்பவர் போலத்தான் சொன்னார். "வாயைக் கழுவுங்க" என்று அக்கா எழுந்து உள்ளே போனாள். உள்ளே பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன. நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். நான் ஏழு போட்ட நாற்பத்தொரு வரிகளிலும் பதிவேட்டில் ஒரு நர்ஸின் கையெழுத்தில் அதேதான் இருந்தது: வருவதை நிறுத்திவிட்டார். டயாலிசிஸை நிறுத்தியவர் எத்தனை நாள் இருப்பார் என்பது எங்கள் நிலையத்தில் கூட்டிப் பெருக்குபவருக்குக்கூடத் தெரியும். நாங்கள் அந்த வரி யாருக்குச் சாதகம் என்பதை மட்டும்தான் பார்த்தோம்.

திங்கட்கிழமை பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண்களை எழுதிக்கொண்டு அலுவலக மொட்டை மாடிக்குப் போனேன். நோயாளிகளைத் தொடர்புகொள்ள நடுவரின் அனுமதி வேண்டும். நான் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து முதல் எண்ணைப் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தார். "அவர் இல்லீங்களே. ஒன்றரை வருஷம் ஆச்சே."

"எந்த ஊருக்கு மாறினீங்கம்மா?" என்று படிவத்தில் உள்ளபடியே கேட்டுவிட்டேன்.

"நாங்க எங்கயும் மாறலையே. அதே வீடு, அதே நம்பர். பாருங்க, நீங்க அடிச்சதும் எடுத்தேன்ல? அவர்தான் இறந்துட்டார்."

இரண்டாவது எண்ணில் ஒரு மகன். "மொத மாசம் ஒழுங்காப் போனாரு சார். ரெண்டாவது மாசம் வாரத்துக்கு ரெண்டு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் மழை வந்துருச்சு."  

ஐந்தாவதாக ஒருவர், "ஆமா சார், மக வீட்டுக்கு வந்துட்டோம். இங்க பக்கத்துலயே மெஷின் இருக்கு. ஏன் சார், ஏதாவது தப்பா?" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஒரு மனிதன் உண்மையிலேயே வீடு மாறியிருந்தான்.

பதினோராவது எண்ணில் ஒரு மகள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். இல்லை, ஆய்வு என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே சார். அப்பா கடைசி வாரம் தினம் கேட்டாரு, ஏன் வரலைன்னு அங்கேயிருந்து யாராவது கேட்டாங்களான்னு. நீங்கதான் சார் மொத ஆளு" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நன்றி வேறு சொன்னார்.

மாலை ஐந்துக்கு என் தாளில் இப்படி இருந்தது: இறந்தவர்கள் இருபத்தைந்து. வீடு மாறியவர்கள் ஆறு. எடுக்காதவர்கள் பத்து. பதினைந்து ஒன்பதாகக் குறையவில்லை. பதினைந்து முப்பத்து நான்காகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் மட்டும் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்ததும் அவளுடைய மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"நாளைக்கே போய்ச் சொல்லிடு. ஆனா உங்க மாமாவும் அந்த லிஸ்ட்ல இருக்காருன்னு மட்டும் மூச்சு விடாத."

"வேலைக்குச் சேர்ந்தப்ப குடுத்த படிவத்துல கேட்டிருக்காங்கக்கா. ஆய்வால் பாதிக்கப்படக்கூடிய உறவினர் உண்டான்னு. நான் இல்லைன்னு போட்டேன். அப்ப மாமாவுக்கு சுகர் மட்டும்தான்."

"அப்ப உண்மைதானே? அப்படியே விடு. தன் வீட்டு ஆளுக்காகப் பேசறான்னு தெரிஞ்சா உன் பேச்சை யாராவது மதிப்பாங்களா? அங்க போய் யோக்கியன் வேஷம் போடாதடா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அக்கா என்னைக் கும்பிட்டதே இல்லை. அடித்திருக்கிறாள்.

செவ்வாய் காலை நடுவரின் அறைக்குப் போனேன். இரண்டாவது செய்தித்தாளில் ஏழு நிமிடம் மீதமிருந்தது. காத்திருந்து, தாளை மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாவது வரியை ஏழில் சேர்க்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"சொன்னது நீங்க. ஒத்துக்கிட்டது நான்" என்றார். தாளை இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தார். அவர் முகம் சுவரின் நிறத்துக்கு வந்தது. "யாரைக் கேட்டு போன் பண்ணீங்க?"

"யாரையும் கேக்கலை மேடம்."

"திடீர்னு ஏன் தோணுச்சு?"

நான் பதில் யோசிக்கும் நேரத்தில் அவர் அலமாரியைத் திறந்து என் படிவத்தை எடுத்துவிட்டார். உறவினர் உண்டா என்ற கேள்விக்கு எதிரில் 'இல்லை' என்று என் பச்சை மை. அதை என் பக்கம் திருப்பி வைத்து, "இது இன்னிக்கும் சரிதானே?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அக்கா கும்பிட்ட கையும் மாமா ஐஸை ஒதுக்கிய கன்னமும் கண் முன் வந்தன. ஆனால் எதிர்த்தரப்பும் வந்தது. அதுவும் என்றைக்காவது இதைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த நாளில் இந்தத் தாள் குப்பை. இருபத்தைந்து பேரும் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

"இல்ல மேடம். எங்க அக்கா வீட்டுக்காரர். லிஸ்ட்ல மூணாவது யூனிட்."

நடுவர் என் தாளைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப இதை நான் பார்க்கலை."

"மேடம், இறந்தவங்க இறந்தவங்கதானே? நான் யாருக்கு மச்சானா இருந்தா என்ன?"

"எனக்குப் புரியுது. ஆனா எனக்குப் புரிஞ்சு பிரயோசனமில்லை. வியாழக்கிழமை எனக்கு எதிர்ல உட்கார்றவங்க இதைக் கிழிக்கிறதுக்கு ஒரு நுனி கிடைக்கக் கூடாது." பச்சை மையின் மேல் என்னையே கோடு போட்டு, 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போடவைத்தார். இந்த ஆய்விலிருந்து நான் நீக்கப்பட்டேன். மூன்று நிமிடம்தான் ஆனது. எங்கள் நிலையத்தில் அவ்வளவு சீக்கிரம் நடந்த காரியம் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

புதன்கிழமை அந்த நாற்பத்தொரு எண்களும், எழுத்து மூலமான அனுமதியோடு, சந்தேகம் சாருக்குக் கொடுக்கப்பட்டன. நான் என்ன கண்டேன் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் கண்ணாடி அறையில். நான் எதிரில் தாழ்வாரத்து நாற்காலியில். பேசக் கூடாது, சைகை கூடாது. நடுவர் தம் கதவைத் திறந்துவைத்து இருவரையும் சம தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தேகம் சாருக்கு ஐம்பத்தாறு வயது. தொலைபேசி என்றாலே ஆகாது. கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியாக அவர் குரல் வந்தது. "இறந்துட்டாரா? உறுதியாச் சொல்றீங்களா? தேதி ஞாபகம் இருக்கா? சரி, இறந்துட்டார்ங்கறது உறுதிதானே?" எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. இப்படி இரண்டிரண்டு தடவை. பதினோராவது எண்ணுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். இருபதாவதுக்கு மேல் அவர் எதையும் இரண்டு தடவை கேட்கவில்லை.

எடுக்காத எண்களை மதியம் மறுபடி அடித்தார். மாலை மறுபடி. ஐந்து மணிக்கு நடுவர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, கவிழ்த்து வைத்த என் தாளைத் திருப்பி, அவர் தாளின் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். முப்பத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"தம்பி, இவர் இறந்துட்டார்னு போட்டிருக்கீங்க. யார் சொன்னா?" என்றார் சந்தேகம் சார்.

"யாரும் சொல்லலை சார். நாலு தடவை அடிச்சேன். எடுக்கலை."

"எடுக்கலைன்னா எடுக்கலைன்னுதானே போடணும்?"

"எழுபத்தோரு வயசு சார். தனி ஆளு. ஹார்ட் வேற சரியில்லைன்னு பதிவேட்டுல இருந்துச்சு. அதனால..."

"அதனால நீங்களே முடிச்சு வெச்சுட்டீங்க." அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல என்னைப் பார்த்தார். "நான் அஞ்சாவது தடவை அடிச்சேன், எடுத்தாரு. உயிரோட இருக்காரு. அதே வீட்டுலதான் இருக்காரு. பஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியலைன்னு நிறுத்திட்டு, காய்கறி லாரி ஒண்ணுல ஏறி எதிர்ப்பக்கம் வேற ஒரு ஊருக்குப் போய் மெஷின் போட்டுக்கறாரு. தூரம் அதைவிட அதிகம். ஆனா லாரி வாசலுக்கு வருதாம். அதனால நம்ம பதிவேட்டுல ஆளே இல்லை."

அந்த வரியில் எண் போட்டபோது என் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து என்பது இருபத்து நான்கைவிடப் பலமாகத் தெரிந்தது. மாமாவுக்காக ஒரு ஆளைக் கொன்றிருந்தேன். கல்லூரி நாட்களிலிருந்து நான் கேலி செய்துவந்த இந்த மாதிரிப் படிவங்களை யாரோ என்னை மனதில் வைத்துக்கொண்டுதான் அச்சடித்திருக்கிறார்கள்.

நடுவர் சந்தேகம் சாரின் தாளை எடுத்துக்கொண்டார். இறந்தவர்கள் இருபத்து நான்கு. ஆக மொத்தம் முப்பத்து மூன்று. அட்டவணை மாற்றப்பட்டது. பட்டியலில் ஒன்பதாவது வரி திரும்ப வந்தது. அது யாருக்குச் சாதகம் என்று கேட்க இந்த முறை எந்தத் தரப்பையும் அவர் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை கமிட்டிக்கு நான் போகக் கூடாது. வெள்ளி மதியம் நடுவர் என்னைக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். வழக்கமாக நின்றுகொண்டுதான் கேட்போம்.

"நல்லா வரவேற்றாங்க. ரெண்டு பக்கமும் பாராட்டுனாங்க. மிக முக்கியமான ஆய்வுன்னு தலைவர் சொன்னார். அடுத்த வருஷத் திட்டத்துல இதைக் கண்டிப்பா கணக்குல எடுப்பாங்களாம்."

"இந்த வருஷம் மேடம்?"

"லிஸ்ட்ல இருக்கிற அஞ்சு யூனிட்டுக்கும் போன மாசமே உத்தரவு போட்டுட்டாங்களாம். அங்க மாடி கட்டி டைல்ஸ் ஒட்டியாச்சு. ஒண்ணாம் தேதி மெஷின் கிளம்புது."

"அப்புறம் நம்மகிட்ட எதுக்குக் கேட்டாங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். மேசையில் இருந்த இரண்டு செய்தித்தாளும் பிரிக்கப்படாமலே கிடந்தன. "நான் ஒண்ணு கேட்டேன். எழுந்து வந்திருக்கணும், ஆனா கேட்டுட்டேன். அடுத்த வருஷம் வரைக்கும் அந்த அஞ்சு ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

"அது உங்க ஆய்வோட வரம்புக்குள்ள வரலையேன்னு சொன்னார்."

நான் ஆறு ஐம்பத்தைந்து ரயிலில் வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் மாமா இயந்திரத்திலிருந்து வந்து கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"சொன்னியா? நம்ம ஆளுன்னு சொல்லிட்டியா?"

"சொன்னேன். என்னை வெளிய உட்கார வெச்சுட்டாங்க. ஆனா மூடறது அதனால இல்லக்கா. புதுக் கணக்குதான் கமிட்டிக்குப் போச்சு. ஏற்கெனவே உத்தரவு போட்டுட்டாங்களாம். ஒண்ணாம் தேதி மூடறாங்க."

"சொல்லாம இருந்திருந்தா?"

"அப்பவும் இதேதான்."

"அது உனக்கு எப்படிடா தெரியும்? நீ அங்க போனியா? உன்னைத்தான் வெளிய உட்கார வெச்சுட்டாங்களே! நீ உள்ள இருந்து கத்தியிருந்தா..."  கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மாமாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் கத்தியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் எந்த ஆய்வும் இல்லை.

"விடுடி. எத்தனை பேரு மச்சான், கடைசியில?" என்றார் மாமா. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"நாற்பத்தொண்ணுல இருபத்து நாலு மாமா."

"ம்." கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "எல்லாரும் என்னை மாதிரியே போகமாட்டேன்னு சொன்னவங்களா?"

"இல்ல மாமா. முக்கால்வாசிப் பேர் போய்ப் பார்த்தவங்க. போகப் போகக் குறைச்சவங்க."

அதுவரை பேசிய எதையும்விட அது அவரைத் தொட்டது போலிருந்தது. முழங்கையை ஊன்றி அரைவாசி எழுந்தார். அக்கா தலையணையைச் சொருகினாள். நான், ஏன் என்று தெரியாமல், முப்பத்து மூன்றாவது வரியைப் பற்றிச் சொன்னேன். நான் சாகடித்த ஆளைப் பற்றி. அதையும் மறைக்காமல் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே அழுகையாகிவிட்டது.

"லாரியிலயா?" என்றார் மாமா. "எழுபத்தோரு வயசுல? கேபின்ல உட்கார்றாரா, பின்னாடியா?"

"தெரியலை மாமா."

"வாரத்துக்கு மூணு நாளும் அதே லாரியா?"

"தெரியலை."

"திரும்பி வர்றப்ப? மெஷின்ல இருந்து எந்திரிச்சு அந்தப் படியில கால் எட்டாதே. யாராவது தூக்கி விடுவாங்களா?"

"அதெல்லாம் கேக்கலை மாமா. கேள்விப் பட்டியல்ல இல்லை."

"கேட்டுச் சொல்லேன்."

"கூடாது மாமா. நோயாளியோட நம்பர் அது. நான் இப்ப அந்த ஆய்வுலயே இல்லை."

"ஆய்வுக்குக் கேக்கலைடா. எனக்குக் கேக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை அடித்த எண்கள் என் போனில் அப்படியே இருந்தன. லாரியில் போகிறவரின் எண்ணுக்கு எதிரில் நான்கு தடவை என்று காட்டியது. அடித்தேன். மணி நீண்ட நேரம் போனது. எடுக்க மாட்டார் என்று நான் காதிலிருந்து எடுக்கப்போன சமயத்தில், "யாரு?" என்று ஒரு குரல் கத்தியது. பின்னால் ஏதோ வண்டிச் சத்தம், ரேடியோச் சத்தம். நான் என் பெயரைச் சொல்லாமல், நிலையத்தின் பெயரைச் சொல்லாமல், போனை மாமாவின் கையில் கொடுத்தேன்.

"ஐயா வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. நானும் வாரத்துக்கு மூணு நாள் ஆளுதான்" என்றார் மாமா. "ஒண்ணாம் தேதியில இருந்து எங்களுக்கும் இங்க இல்லையாம். அதான், நீங்க எப்படிப் போய்ட்டு வர்றீங்கன்னு..."

அந்தப் பக்கம் பேசத் தொடங்கியது. மாமா 'ம்' போட்டார். மறுபடி 'ம்' போட்டார். எழுத ஏதாவது வேண்டும் என்று விரலால் காட்டினார். அக்கா பேனாவைக் கொண்டுவந்து, தாள் கிடைக்காமல், தன் உள்ளங்கையை நீட்டினாள். அவர் எதுவும் எழுதாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து, போவார் என்றோ போக மாட்டார் என்றோ என்னால் சொல்ல முடியவில்லை.

"விடிகாலை நாலு மணிக்கா?" என்றார் மாமா கடைசியில். "மழை வந்தா என்னங்க பண்றீங்க?"